படிக்காத செய்தி ஒன்று

ஃபேஸ்புக்கின் தலைப்பட்டையில், செய்திக் குறிக்குப் பக்கத்தில், சிவப்பாக ‘1’ என்று தெரியும். யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று ஆவலாகத் திறந்தால் உள்ளே புதிதாக ஒன்றும் இருக்காது. 2010-களின் தொடக்கத்தில் அந்தத் தளத்தைப் பயன்படுத்தியவர்கள் பலருக்கு இது பழகிப்போன ஏமாற்றம். ஃபேஸ்புக் பொறியாளர்களுக்கோ தீராத தலைவலி. பிழையைத் தேடிப் பிடித்துச் சரிசெய்வார்கள். சில காலம் ஒழுங்காக ஓடும். பிறகு எங்கோ சம்பந்தமில்லாத ஒரு மாற்றம் செய்யும்போது அதே ‘1’ வேறு வழியாக வந்து நிற்கும். மறுபடி சரிசெய்வார்கள், மறுபடி வரும்.

2014 ஏப்ரல் 30 அன்று சான்பிரான்சிஸ்கோவில் நடந்த ஃபேஸ்புக்கின் எஃப்8 நிரலாளர் மாநாட்டில் ஜிங் சென் என்ற ஃபேஸ்புக் பொறியாளர் இந்தக் கதையை மேடையிலேயே போட்டு உடைத்தார். ஆளுக்கும் பணத்துக்கும் பஞ்சமில்லாத நிறுவனம். ஆனாலும் ஓர் எண்ணைச் சரியாகக் காட்ட முடியவில்லை. ஒரே தகவலை மூன்று இடங்களில் தனித்தனியாகக் குறித்துவைத்ததுதான் கோளாறு. திரையின் ஓரத்தில் திறந்திருக்கும் அரட்டைப் பெட்டிக்கு ஒரு கணக்கு, செய்திகளுக்கான முழுப் பக்கத்துக்கு இன்னொரு கணக்கு, மேலே சிவப்பில் தெரியும் எண்ணுக்கு மூன்றாவது கணக்கு. புதுச் செய்தி வந்தால் ஒன்று மற்றொன்றுக்குச் சொல்ல வேண்டும். அது அடுத்ததற்குச் சொல்ல வேண்டும். அரட்டைப் பெட்டி ஏற்கெனவே திறந்திருந்தால் எண்ணைக் கூட்டக் கூடாது. இப்படி விதிக்கு மேல் விதி சேர்ந்து, எது எதை மாற்றுகிறது என்று எழுதியவர்களுக்கே பிடிபடாமல் போனது.

ஒரு செயலி ஓடிக்கொண்டிருக்கும் நொடியில் அதன் நினைவில் இருக்கிற தகவல் அத்தனையும் சேர்ந்ததுதான் அதன் நிலை. நிரலாளர்கள் பேச்சில் அது ‘ஸ்டேட்’. உணவு வரவழைக்கும் செயலியில் ஒருவர் இரண்டு தோசை கேட்டிருக்கிறார் என்றால், அந்த ‘இரண்டு’ பட்டியலில் தோசைக்கு எதிரே தெரிய வேண்டும், கூடைக் குறியின் மேல் தெரிய வேண்டும், பில் தொகையில் எதிரொலிக்க வேண்டும். அவர் ஒன்றைக் குறைத்ததும் மூன்றும் ஒருசேர மாற வேண்டும். மூன்று இடம்தான் என்றால் யாரும் சமாளித்துவிடலாம். நூறு திரைகள், அவற்றை எழுதும் இருபது பேர், பாதி வழியில் அறுந்துபோகும் இணையம் என்று ஆகும்போது இது தனிக் கலையாகிவிடுகிறது. இந்த வேலைக்கென்றே எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று மூலநிரலோடு திறந்துவிடப்பட்டவைதான் ‘ஸ்டேட் மேனேஜ்மென்ட்’ லைப்ரரிகள். கைப்பேசியில் ஒரு நாளில் திறக்கிற செயலிகளில் எத்தனையோ இவற்றில் ஏதோ ஒன்றின் மேல்தான் நிற்கின்றன.

ஃபேஸ்புக் அன்று முன்வைத்த தீர்வின் பெயர் ஃப்ளக்ஸ். தகவல் ஒரே திசையில்தான் ஓட வேண்டும் என்பது அதன் சாரம். திரையில் எதை அழுத்தினாலும் அது நேரடியாக எதையும் மாற்றக் கூடாது. ‘இன்னது நடந்தது’ என்று ஒரு குறிப்பை அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குறிப்பு ‘ஸ்டோர்’ என்கிற சேமிப்பிடத்துக்குப் போய்ச் சேரும், அங்கே தகவல் மாறும், மாறியதைப் பார்த்துத் திரை தன்னைப் புதிதாக வரைந்துகொள்ளும். திரை வரைகிற வேலையை 2013-இல் அதே நிறுவனம் வெளியிட்ட ரியாக்ட் பார்த்துக்கொண்டது. ஃப்ளக்ஸ் பெரும்பாலும் ஒரு யோசனையாகவும் ஒரு படமாகவும்தான் வந்தது, நிரல் என்று கூட வந்தது கொஞ்சம். அந்த இடைவெளியை நிரப்ப ஆளுக்கொன்று எழுதத் தொடங்கினார்கள். ரீஃப்ளக்ஸ், ஃப்ளக்ஸர், ஆல்ட், ஃப்ளம்மாக்ஸ், யாஹூவின் ஃப்ளக்ஸிபிள் என்று ஓராண்டுக்குள் கடை விரிந்துவிட்டது. எதை எடுப்பது என்று தெரியாமல் நிரலாளர்கள் விழித்தார்கள்.

அந்தக் குழப்பத்தை ஒரு மாநாட்டு உரை தீர்த்தது. 2015 ஜூலையில் பாரிஸில் நடந்த ரியாக்ட் யூரோப் மாநாட்டில் டான் அப்ரமோவ் என்ற ரஷ்ய இளைஞர் பேச வேண்டியிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் செயலியைப் பின்னோக்கி நகர்த்திக் காட்டுவது, அதாவது காலப் பயணம், அவர் எடுத்துக்கொண்ட பொருள். அதற்கான வேலையினூடே பிறந்ததுதான் ரெடக்ஸ். மேடையில் அவர் ஒரு செயலியில் சில பொத்தான்களை அழுத்தினார். அழுத்தியது ஒவ்வொன்றும் பக்கத்தில் பட்டியலாக ஏறியது. பட்டியலில் நடுவிலிருக்கும் ஒன்றை ரத்து செய்தால், அது நடக்காமலே இருந்திருந்தால் செயலி எப்படி இருக்குமோ அப்படித் திரை மாறியது. கூட்டம் கைதட்டியதில் வியப்பில்லை.

மந்திரம் ஒன்றுமில்லை. மளிகைக் கடையின் பற்றுவரவு நோட்டில் பாக்கித் தொகையை யாரும் அழித்து அழித்து எழுதுவதில்லை. வாங்கியதையும் கொடுத்ததையும் வரிவரியாகப் பதிகிறார்கள்; முதல் பக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தால் இன்றைய பாக்கி எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், போன செவ்வாய்க்கிழமைப் பாக்கியும் கிடைக்கும். ரெடக்ஸ் செய்வது அதுவே. செயலியின் மொத்த நிலையும் ஒரே இடத்தில் இருக்கும். அதை யாரும் நேரடியாகத் தொடக் கூடாது. நடந்ததை ‘ஆக்‌ஷன்’ என்ற பதிவாக அனுப்ப வேண்டும். பழைய நிலையையும் புதிய பதிவையும் வாங்கிக்கொண்டு அடுத்த நிலையைக் கணக்கிட்டுத் தருவது ‘ரெட்யூசர்’ என்கிற செயற்கூறு. ஒரே பதிவுகளை ஒரே வரிசையில் எத்தனை முறை கொடுத்தாலும் அது ஒரே விடையைத்தான் தர வேண்டும். நேரத்தைப் பார்த்தோ இணையத்தைக் கேட்டோ விடையை மாற்றக் கூடாது. இந்த ஒழுக்கம் காக்கப்பட்டால் காலப் பயணம் தானாகக் கைக்கு வந்துவிடும்.

அப்ரமோவ் இதைத் தன் கண்டுபிடிப்பு என்று சொந்தம் கொண்டாடவில்லை. இவான் சாப்லிட்ஸ்கி 2012-இல் ஹார்வர்டில் தன் பட்டப்படிப்பு ஆய்வாக உருவாக்கிய எல்ம் என்ற நிரல்மொழியில் ஏறத்தாழ இதே அமைப்பு இருந்தது. ரெடக்ஸ் ஆவணங்கள் அதை வெளிப்படையாகச் சொல்கின்றன. ஃப்ளம்மாக்ஸை எழுதிய ஆண்ட்ரூ கிளார்க் செய்தது இன்னும் அபூர்வமானது. தன் லைப்ரரிக்கு நல்ல வரவேற்பு இருந்தபோதே அதைக் கைவிட்டு, எல்லோரும் ரெடக்ஸுக்குப் போங்கள் என்று எழுதிவிட்டு, தானும் ரெடக்ஸில் பங்கெடுத்தார். அப்ரமோவ் இந்த வேலையில் முழுமூச்சாக இறங்கியிருந்த மாதங்களுக்கான செலவைப் பயனர்கள் நன்கொடையாகத் திரட்டித் தந்தார்கள். பிறகு அவரும் கிளார்க்கும் ஃபேஸ்புக்கின் ரியாக்ட் குழுவிலேயே சேர்ந்தார்கள். இத்தனைக்கும் ரெடக்ஸ் நிரலின் அளவு சுமார் 2 கிலோபைட். கைப்பேசியில் எடுத்த ஒரு புகைப்படம் இதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் இருக்கும்.

சிறியதுதான், ஆனால் அதைச் சுற்றி எழுத வேண்டியது சிறியதல்ல. ஒரு பொத்தானுக்காகப் பதிவின் பெயரை ஒரு கோப்பில், பதிவை உண்டாக்கும் செயற்கூறை இன்னொன்றில், ரெட்யூசரை மூன்றாவதில் எழுதும் வழக்கம் பரவியது. இணையத்திலிருந்து தகவல் எடுத்துவர ரெடக்ஸில் நேரடி வழி கிடையாது என்பதால் அதற்கெனத் துணை லைப்ரரிகள் முளைத்தன. நான்கு கட்டம் நிரப்பும் ஒரு படிவத்துக்குக்கூட ரெடக்ஸ் போட்டார்கள். வேலைக்கான நேர்முகத் தேர்வில் கேட்கிறார்களே என்பதற்காகவே அதைக் கற்றவர்கள் ஏராளம்; கற்றதைக் காட்ட ஓர் இடம் வேண்டாமா? இந்த மோகம் உச்சத்தில் இருந்த 2016 செப்டம்பரில், உங்களுக்கு ரெடக்ஸ் தேவைப்படாமலே இருக்கலாம் என்ற பொருளில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் அப்ரமோவேதான். தன் சரக்கு தேவையில்லை என்று தானே சொல்லும் வியாபாரியை எளிதில் பார்க்க முடியாது. இலவசமாகக் கொடுப்பவர்களுக்கு மட்டும் வாய்க்கிற சுதந்திரம் அது.

அதற்குள் லைப்ரரியின் பொறுப்பு கைமாறியிருந்தது. மார்க் எரிக்சன் என்ற அமெரிக்க நிரலாளர் அதுவரை ரெடக்ஸில் பெரிதாக எதையும் எழுதியவரல்ல. அரட்டை அறைகளில் புதியவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்து, பதில்களைத் தொகுத்து ரெடக்ஸ் ஆவணத்தில் ஒரு பகுதியாக எழுதிக் கொடுத்தார். அப்ரமோவ் அவருக்கு நிரலில் கைவைக்கும் உரிமையைக் கொடுத்தார். 2016-இல் எரிக்சனும் டிம் டோர் என்ற இன்னொரு நிரலாளரும் பராமரிப்பை ஏற்றுக்கொண்டார்கள். பகலில் வேறு நிறுவனத்தில் சம்பள வேலை, மிச்ச நேரத்தில் ரெடக்ஸ் என்று எரிக்சனுக்கு ஆண்டுகள் ஓடின. திறந்த மூல மென்பொருள் உலகில் புகழ் முதல் வரியை எழுதியவருக்குப் போகிறது. பத்தாயிரமாவது கேள்விக்குப் பதில் சொல்கிறவரால்தான் பொருள் நிலைக்கிறது. ரெடக்ஸ் இன்றும் இருப்பதற்கு எரிக்சனின் விடாப்பிடிதான் முதல் காரணம் என்றால் அது மிகையில்லை.

அவர் காலத்தில் நடந்த பெரிய காரியம் ரெடக்ஸ் டூல்கிட். 2019 அக்டோபரில் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது. மூன்று கோப்பில் சிதறிக் கிடந்ததை ஒரே கோப்பில் சில வரிகளாகச் சுருக்கியது. 2022-இல், ஸ்டோரை உருவாக்கும் பழைய வழியையே ‘காலாவதி’ என்று குறித்துவிட்டார்கள். பழைய நிரல் தொடர்ந்து ஓடும், ஆனால் எழுதுகிறவரின் திரையில் அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு விழும். கோட்டைப் பார்த்துச் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

டூல்கிட்டின் வயிற்றுக்குள் ஒரு சுவையான சங்கதி இருக்கிறது. ரெடக்ஸுக்குப் பல ஆண்டுகள் நேர்ப் போட்டியாக இருந்தது மாப்எக்ஸ். நெதர்லாந்தைச் சேர்ந்த மிஷெல் வெஸ்ட்ஸ்ட்ரேட், தான் வேலை பார்த்த மென்டிக்ஸ் நிறுவனத்தின் தேவைக்காக 2015-இல் எழுதியது. பதிவு, ரெட்யூசர் என்ற சடங்கெல்லாம் அதில் இல்லை. தகவலை நேரடியாக மாற்றலாம். எந்தத் திரை எந்தத் தகவலைப் படிக்கிறது என்று லைப்ரரியே கவனித்து வைத்துக்கொண்டு, மாறியதைச் சார்ந்திருக்கும் பகுதியை மட்டும் புதுப்பிக்கும். 1979-இல் வந்த விசிகால்க் என்ற, தனிநபர் கணிப்பொறிக்கான முதல் விரிதாள் ஒரு கட்டத்தை மாற்றினால் அதைச் சார்ந்த கூட்டுத்தொகையை மாற்றியதே, அந்த வழிதான். ரெடக்ஸ்காரர்களும் மாப்எக்ஸ்காரர்களும் கட்சி கட்டி வாதாடிய காலம் ஒன்று இருந்தது. பிற்பாடு அதே வெஸ்ட்ஸ்ட்ரேட் இம்மர் என்ற சிறு லைப்ரரியை எழுதினார். பழைய தகவலை மாற்றாமல் நகலெடுத்துப் புதியது செய்யும் சள்ளையான வேலையை அது பார்த்துக்கொள்ளும். ரெடக்ஸ் டூல்கிட் இயங்குவது அந்த இம்மரை உள்ளே வைத்துக்கொண்டுதான். எதிர்க்கட்சித் தலைவர் எழுதிய நிரல் ஆளுங்கட்சியின் மையத்தில் உட்கார்ந்திருக்கிறது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை.

அனுமதி தேவைப்படாததற்குக் காரணம் எம்.ஐ.டி. உரிமம். அச்சிட்டால் அரைப் பக்கத்துக்குள் அடங்கும். எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய், பதிப்புரிமைக் குறிப்பை மட்டும் நீக்காதே. ஏதாவது உடைந்தால் என்னைக் கேட்காதே என்பதே அதன் சாரம். அற்பமான சட்ட வாசகம் என்று தள்ளிவிட முடியாது. ரியாக்டின் உரிமத்தில் ஃபேஸ்புக் காப்புரிமை தொடர்பாகக் கூடுதல் நிபந்தனை சேர்த்திருந்தது. 2017-இல், திறந்த மூலத் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளை அந்த உரிமத்தை ஏற்க மறுத்தது. வலைத்தள மென்பொருளான வேர்ட்பிரஸும் ரியாக்டிலிருந்து விலகப்போவதாக அறிவித்தது. சில நாட்களிலேயே ஃபேஸ்புக் இறங்கிவந்து, செப்டம்பரில் வெளியான ரியாக்ட் 16 முதல் எம்.ஐ.டி. உரிமத்துக்கு மாறியது.

இதற்கிடையே, கேள்வியே தவறோ என்று சிலர் யோசிக்கத் தொடங்கியிருந்தார்கள். ரெடக்ஸ் ஸ்டோர்களைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்ததில் பெரும்பகுதி செயலிக்குச் சொந்தமான தகவலே இல்லை. சர்வரில் இருக்கும் தகவலின் நகல். தோசையின் விலையை முடிவு செய்வது உணவகம். கைப்பேசியில் இருப்பது எப்போதோ எடுத்த பிரதி, அது பழையதாகியிருக்கவும் கூடும். பிரதியை எவ்வளவு நேரம் நம்புவது, எப்போது மறுபடி கேட்பது, கேட்கும்போது எதைக் காட்டிக்கொண்டிருப்பது என்பவை வேறு வகைக் கேள்விகள். 2019-இல் டேனர் லின்ஸ்லியின் ரியாக்ட் குவெரியும் வெர்செல் நிறுவனத்தின் எஸ்.டபிள்யூ.ஆரும் இந்த வேலையை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டன. அந்தச் சுமையை இறக்கிவைத்த பிறகு பல குழுக்களின் ஸ்டோரில் மிஞ்சியது, இருட்டு வண்ணமா வெளிச்ச வண்ணமா என்பது போன்ற ஒருசில விருப்பங்கள்தான். இந்தத் துறையில் கடந்த பத்தாண்டுகளில் நடந்த மிகப் பயனுள்ள சிந்தனை எது என்றால் இந்தப் பிரிவினையைத்தான் சொல்ல வேண்டும். புது லைப்ரரிகளின் வரவுக்குக் கிடைத்த ஆரவாரத்தில் கால்வாசிகூட இதற்குக் கிடைக்கவில்லை.

மிஞ்சிய சின்ன வேலைக்குச் சின்ன லைப்ரரிகள் போதும் என்று ஆனது. ஸுஸ்டாண்ட், ஜோட்டாய், வால்டியோ மூன்றும் அப்படி வந்தவை. ஒவ்வொன்றும் அணுகுமுறையில் மற்றதிலிருந்து விலகி நிற்கிறது. டைஷி கட்டோ என்ற ஜப்பானிய நிரலாளர் பின்னிரண்டை உருவாக்கியவர், முதலாவதைப் பராமரிக்கும் முக்கியக் கைகளில் ஒருவர். ஒன்றோடொன்று போட்டியிடும் மூன்று கடைகளிலும் கல்லாவில் உட்கார்ந்திருப்பது ஒரே ஆள்.

பெரிய நிறுவனத்தின் பெயர் இருந்தால் லைப்ரரி நீடிக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. நடந்தது அப்படியில்லை. 2020 மே மாதம் ஃபேஸ்புக் ரீகாயில் என்ற புதிய லைப்ரரியை அறிமுகப்படுத்தியது. நிறுவனத்தின் பெயரை நம்பிப் பலர் தங்கள் செயலிகளை அதன்மேல் கட்டினார்கள். மெல்ல மெல்ல அதன்மீதான வேலை நின்றது. 2023-இல் அந்நிறுவனம் தன் பழைய ஃப்ளக்ஸைக் காப்பகத்தில் பூட்டியபோது, இதற்குப் பதில் இவற்றைப் பயன்படுத்துங்கள் என்று ரெடக்ஸ், மாப்எக்ஸ், ஸுஸ்டாண்ட், ஜோட்டாய் ஆகியவற்றோடு ரீகாயிலையும் பரிந்துரைத்தது. 2025 ஜனவரி 1 அன்று ரீகாயிலும் பூட்டப்பட்டது. பட்டியலில் மற்ற நான்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கூகுள் வேறு மாதிரி நடந்துகொண்டது. கைப்பேசிச் செயலிகள் எழுதுவதற்கான அதன் ஃப்ளட்டர் கட்டமைப்புக்கு நிலை மேலாண்மை லைப்ரரி ஒன்றைத் தானே எழுதி வைத்திருந்தது. அதே சமயம் ரெமி ரூஸலே என்ற வெளியாள் புரொவைடர் என்றொன்றை எழுதியிருந்தார். அவருடையது மேல் என்று கண்டதும் கூகுள் தன்னுடையதைக் கைவிட்டு, 2019-இல் தன் ஐ/ஓ நிரலாளர் மாநாட்டில் புரொவைடரைப் பரிந்துரைத்தது. ரூஸலேவுக்கோ அதிலும் திருப்தியில்லை. குறைகளைக் களைய ரிவர்பாட் என்று இன்னொன்றை எழுதினார்.

இவை எல்லாவற்றுக்கும் மூத்த ஒரு சிந்தனையும் இந்தச் சந்தையில் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் இஸ்ரேலில் லாவி போர்விமானம் வடிவமைக்கப்பட்டபோது, அதன் மின்னணுக் கருவிகள் எந்தச் சூழலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் தெளிவாக எழுத முடியாமல் திணறினார்கள். ஆலோசகராகப் போன கணினி அறிஞர் டேவிட் ஹரேல் அதைப் படமாக வரையும் முறை ஒன்றை வகுத்தார். 1987-இல் கட்டுரையாக வெளிவந்த அதன் பெயர் ஸ்டேட்சார்ட். டேவிட் கோர்ஷித்தின் எக்ஸ்ஸ்டேட் லைப்ரரி அதை வலைச் செயலிகளுக்குக் கொண்டுவந்தது. தகவல் எங்கே இருக்கிறது என்பதைவிட, செயலி எந்தெந்த நிலைகளில் இருக்கலாம், எதிலிருந்து எதற்குப் போகலாம் என்பதை முன்கூட்டியே எழுதச் சொல்கிறது அது. ‘பணம் செலுத்தப்படுகிறது’ என்ற நிலையில் ‘பணம் செலுத்து’ பொத்தானுக்கு வழியே வரையப்படவில்லை என்றால், பதற்றத்தில் ஒருவர் அதை ஐந்து முறை அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. ‘தோல்வி’, ‘வெற்றி’ இரண்டும் ஒரே நேரத்தில் திரையில் தெரியும் அபத்தமும் நடக்காது. கற்க நேரம் பிடிப்பதால் இதன் பக்கம் வருபவர்கள் குறைவு. பணப் பரிமாற்றம் எழுதுகிறவர்களாவது வரலாம்.

இப்போது பேச்செல்லாம் சிக்னல் பற்றி. தகவலை யார் படிக்கிறார்கள் என்று தகவலே கவனித்துக்கொள்ளும் முறை. 2010-இல் வந்த நாக்கவுட் என்ற லைப்ரரியிலேயே இதன் கரு இருந்தது. ரியாக்டைப் போலத் திரை வரையும் சாலிட் அதற்கு மறுவாழ்வு கொடுத்தது. அதே வேலையைச் செய்யும் பிரியாக்ட் 2022-இலும் ஆங்குலர் 2023-இலும் எடுத்துக்கொண்டன. ஆளுக்கொரு விதமாக எழுதுவதைவிட ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே இதைச் சேர்த்துவிடலாம் என்று, அந்த மொழியின் தரத்தை வகுக்கும் டி.சி.39 குழுவின் முன் ஒரு முன்மொழிவு வைக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் அதை முதல் கட்டத்துக்கு ஏற்றுக்கொண்டார்கள். நான்காவது கட்டத்தை எட்டினால்தான் மொழியில் இடம் உண்டு. சில முன்மொழிவுகள் பாதியில் ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுவதுமுண்டு. ரியாக்டின் வழி வேறு என்பதால், சிக்னல் மொழிக்குள் வந்தாலும் ரெடக்ஸும் ஸுஸ்டாண்டும் அடுத்த நாளே வேலையிழந்துவிடாது. தகவல் மாற்றத்தைக் கவனிக்கும் நிரலை ஒவ்வொரு லைப்ரரியும் தனித்தனியாகச் சுமந்து திரிவது மட்டும் குறையும்.